நல்ல காலில் சுற்றிய துணி

செப்டம்பர் 2

பாலங்களைப் பற்றிய புத்தகத்தின் மெய்ப்புத் திருத்தம் இன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஓர் அத்தியாயத்தில் ஆறு தெற்கே ஓடுகிறது. அடுத்ததில் அதே ஆறு கிழக்கே போகிறது. எழுதியவரைக் கேட்டால், “ஆறுன்னா வளையத்தானேம்மா செய்யும்” என்கிறார். வளையட்டும். வளைகிற இடத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா?

பதிப்பகத்து முதலாளி என் மேசையருகே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ பிழையைத் தேடுறதில்லம்மா. குற்றவாளியைத் தேடுற.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அது காதிலேயே நிற்கிறது.

அக்கா பேசினாள். கால் வீங்கி அவள் செருப்பு நுழையவில்லையாம். அத்தானின் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் சறுக்கிக்கொண்டிருக்கிறாள். “ஞாயித்துக்கிழமை வாடி புழு. குழந்தைக்குப் பேர் தேடணும். வாயில நுழையாத பேரா உன் புத்தகத்துலேர்ந்து தூக்கிட்டு வந்துடாதே.” புத்தகப் புழு என்றுதான் ஆரம்பித்தாள். புத்தகத்தை எப்போதோ உதிர்த்துவிட்டாள்.

செப்டம்பர் 5

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. இரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். பெண். ஏழு வாரம் முந்திக்கொண்டாள். அக்கா நன்றாக இருக்கிறாள் என்கிறார்கள். எல்லாமே இங்கே “என்கிறார்கள்”தான்.

அத்தான் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்து, “மிளகு மாதிரி இருக்கா” என்றார். அவர் வாயிலிருந்து “சரிங்க” தவிர வேறு சொல் வந்ததே பெரிது. மிளகு என்றே இருக்கட்டும், இப்போதைக்கு.

செப்டம்பர் 6

அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை என்பதால், உள்ளே போய்க் குழந்தையைப் பார்க்கும் துணையாள் நான். முழங்கையால் தட்டித் திறக்கும் குழாயில் கை கழுவி, பச்சை அங்கி போட்டு, செருப்பை வெளியே விட்டுப் போக வேண்டும். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவதில் மிளகு. தொப்புள் வழியாக மெல்லிய குழாய் ஒன்று உள்ளே போகிறது. இரத்தம் எடுக்கவும் அழுத்தம் பார்க்கவுமாம். மூக்கில் ஒன்று. கையில் ஒன்று. குழந்தையைவிடக் குழாய்தான் அதிகம்.

பகல் வேளை நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். சட்டைப்பையில் எப்போதும் கத்தரிக்கோல். பேச்சும் அப்படித்தான், நறுக் நறுக். மனதுக்குள் அவளுக்குக் கத்தரிக்கோல் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

“எப்படி இருக்கா சிஸ்டர்?”

“இருக்கா.”

“பயமில்லையே?”

“டாக்டரைக் கேளுங்க.”

என்ன கேட்டாலும் பதில் பாதியில் அறுந்து விழுகிறது. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 7

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் போனபோது மூன்றாவது பெட்டியைச் சுற்றித் திரை. கத்தரிக்கோல் எட்டிப் பார்த்து, “வெளிய இருங்க” என்றாள். திரைக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல், தணிந்த குரல். இவ்வளவு தணிந்த குரலில் மனிதர்கள் நல்ல செய்தி பேசுவதில்லை.

பிறகு டாக்டரம்மா வெளியே வந்து அத்தானை ஓரமாக அழைத்துப்போனார். தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறார், தன் இடது காலைத் தொட்டுக் காட்டுகிறார், வலது காலைக் காட்டி விரலை அசைக்கிறார். அத்தான் தலையாட்டுகிறார். ஆட்டிக்கொண்டே இருக்கிறார்.

“என்ன சொன்னாங்க அத்தான்?”

“வலது கால்ல ரத்த ஓட்டம் கொஞ்சம் சரியில்லையாம். தொப்புள் குழாயை எடுத்துட்டாங்களாம். பாத்துக்கறாங்களாம்.”

“ஏன் சரியில்ல?”

“அது... ஏதோ சொன்னாங்கம்மா.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“சரிங்கன்னேன்.”

மதியம் உள்ளே விட்டார்கள். வலது பாதம் மை கொட்டின மாதிரி. விரல்கள் ஐந்தும் ஊதா. பாதம் முழுதும் என் கட்டைவிரல் அளவு கூட இல்லை, அதற்குள் இத்தனை நிறமா? அதைவிட, கெட்டுப்போன வலது கால் திறந்தபடி கிடக்கிறது. நன்றாக இருக்கிற இடது காலைச் சுற்றித்தான் சூடான பஞ்சு வைத்துத் துணி கட்டியிருக்கிறார்கள்!

“சிஸ்டர், கால் மாறிப்போச்சு.”

“மாறல.”

“இந்தக் கால்தானே ஜில்லுன்னு இருக்கு?”

“தெரியும். தொடாதீங்க.” அதற்குள் பக்கத்துப் பெட்டியின் கருவி கத்தியது. அவள் திரும்பி ஓடினாள். நாலைந்து பேர் அங்கே கூடிவிட்டார்கள். நான் கேட்டது அந்தரத்தில் தொங்கியது.

நேரே அக்காவிடம் போய்விட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, தையல் போட்ட வயிற்றோடு கிடக்கிறவளிடம். வாய் நிற்கவில்லை. “நல்ல காலைச் சுத்தி வெச்சுட்டுக் கெட்ட காலைக் குளிர்ல போட்டிருக்காங்கக்கா. கேட்டா மாறலங்கறா.”

போர்வைக்குள் அக்காவின் பாதங்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன.

செப்டம்பர் 8

இன்று காலையில் போனபோது துணி வலது காலில் இருந்தது.

யாரோ தவறைக் கண்டுபிடித்துக் காதும் காதும் வைத்த மாதிரி திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது. அப்போது கத்தரிக்கோல் வேலைக்கு வந்தாள். பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து துணியை அவிழ்த்தாள். உள்ளே விரல்கள் நேற்றைவிடக் கறுப்பு. மறுபடி இடது காலில் கட்டினாள்.

“யார் இதைத் தொட்டது?” என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“நான் இப்பத்தான் வந்தேன்.”

“நேத்து நீங்கதானே கால் மாறிப்போச்சுன்னீங்க?”

ஓ! அப்படி வருகிறதா கதை? முதலில் ஒரு கால், பிறகு மறு கால், பிறகு திரும்பவும் பழைய கால். இவர்களுக்கே எது எந்தக் கால் என்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டதும் கை நீளுவது பார்க்க வந்தவள் பக்கம்.

அத்தானின் அக்கா, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். “விட்டுடாதே. நாலு வார்த்தை படிச்சவ நீ, நீ கேக்காம வேற யார் கேப்பா? என் தம்பிதான் வாயில்லாப் பூச்சி” என்றார். அண்ணிக்கு என்னைப் பிடிக்காது. இன்று பிடித்திருந்தது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்க் கத்தரிக்கோல் மேல் புகார் சொன்னேன். சுத்தமாக, கோவையாக, ஒரு சொல் பிசகாமல். என் தொழிலே அதுதானே.

அக்காவிடம் சொல்லவில்லை. நேற்று உளறியதே போதும்.

செப்டம்பர் 9

கத்தரிக்கோலைக் குழந்தைகள் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வெளிநோயாளிகள் பக்கம். வேலையே போகலாம் என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள்.

போகட்டுமே.

செப்டம்பர் 12

ஊதா இருந்த இடமெல்லாம் ஊதாவாகவே இருக்கவில்லை. பெருவிரலும் அடுத்ததும் சிவந்து உயிர் வந்துவிட்டது. மற்ற மூன்றும் கரி. வாடி, சுருங்கி, சுள்ளி மாதிரி. “கேங்ரீன்” என்றார் டாக்டரம்மா. ரத்தம் போகாமல் சதை செத்துப்போவது. வெட்ட மாட்டார்களாம். உயிருள்ள இடம் எது, செத்த இடம் எது என்று உடம்பே கோடு போட்டுக்கொள்ளுமாம். பிறகு தானாக உதிர்ந்துவிடுமாம். உதிரும் என்றார், இலையைச் சொல்வது போல.

நான் விடவில்லை. “முதல்நாள் துணியைத் தப்பான கால்ல கட்டினதாலதானே டாக்டர்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “தப்பான காலா? நல்ல கால்லதான் கட்டணும்.”

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னார்.

“தொப்புள் குழாயோட நுனியில சின்னதா ரத்தம் உறைஞ்சு, வலது காலுக்குப் போற வழியை அடைச்சிருக்கு. நல்ல காலுக்குச் சூடு குடுத்தா உடம்பு ரெண்டு காலுக்கும் சேர்த்து ரத்தக் குழாயை விரிச்சுவிடும். அதுதான் நமக்கு வேணும். அடைபட்ட காலையே சூடாக்கினா அந்தச் சதைக்குப் பசி மட்டும் கூடும், சோறு வராது. அதனாலதான் தொடாதீங்கன்னோம். உங்க அத்தான்கிட்ட என் காலையே காட்டிச் சொன்னேனே! நல்லாத் தலையாட்டினாரே!”

“அப்போ... அன்னிக்கு வலது கால்ல கட்டியிருந்தது?”

“எங்க ஆளுங்க யாரும் கட்டல. அதைத்தான் விசாரிக்கிறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அதனாலதான் விரல் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கட்டாம இருந்தாலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது” என்றார்.

வளைகிற இடம். அதை எனக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

செப்டம்பர் 13

அப்படியானால் யார்?

அண்ணியை உள்ளே விட்டதே இல்லை. இரவு நர்ஸா? அவளுக்கு முறை தெரியும். அத்தானை மடக்கினேன்.

“நானா? அந்தப் பெட்டிக் கதவைத் திறக்கவே எனக்குக் கை உதறும்.” பொய் சொல்லத் தெரியாத முகம். ஆனாலும் விடாமல் துருவினேன், அன்று காலை யார் யார் அந்தப் பக்கம் போனது என்று.

“யாரும் போகல. உங்க அக்கா பாக்கணும்னு ஒரே பிடிவாதம். சக்கர நாற்காலியில தள்ளிட்டுப் போய் வாசல்ல விட்டேன். நர்ஸுங்க புதுசா வந்த இன்னொரு குழந்தையோட மல்லாடிக்கிட்டிருந்தாங்க. அவ மட்டும் உள்ள போய் எட்டிப் பாத்துட்டு வந்தா. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்.

செப்டம்பர் 14

கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. அக்கா பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைப் பிடித்திருந்தேன். அந்த நர்ஸை மாற்றிவிட்டார்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

“நல்லதாப் போச்சு. ராட்சசி. நீ சொன்னியே, அடுத்த நாள் விடியறப்போ நானே போய்ப் பாத்தேன்டி புழு. அந்தச் சின்னக் கால் எவ்வளவு ஜில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? அவிழ்த்து அந்தக் கால்லயே நல்லா இறுக்கமாச் சுத்திட்டு வந்தேன். என் கையில வெச்சு ஊதி ஊதிச் சூடு பண்ணினேன். அதான் ரெண்டு விரலாவது பொழச்சுது. பெத்தவ கை தெரியும் பாரு அதுக்கு.”

அவள் முகத்தில் இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு தெளிவு. பாட்டிலில் பால் ஏறிக்கொண்டிருந்தது.

நான் “ஆமாக்கா” என்றேன்.

செப்டம்பர் 15

நாளை விசாரணை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோலுக்கு வேலை போகும். அவள் தப்பு என்ன? ஒரு வாக்கியத்தை முடிக்காமல் ஓடினாள், மூச்சு நின்ற குழந்தையிடம். உண்மையைச் சொன்னால், அந்தத் தெளிவான முகம்? பெத்தவ கை என்றாளே, அந்தக் கை?

அக்காவின் காதில் போட்டது யார்? நான்தான். அப்படியானால் துணியை மாற்றியது யார் என்ற கேள்விக்கு என் பெயரைச் சொன்னாலும் அது முழுப் பொய்யாகிவிடாதல்லவா? இது நியாயமா, என்னை நானே ஏய்த்துக்கொள்வதா? மெய்ப்பில் இப்படி ஒரு வரி வந்தால் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

செப்டம்பர் 16

சொல்லிவிட்டேன். கண்காணிப்பாளர், டாக்டரம்மா, கத்தரிக்கோல், நான்.

“துணியை மாத்திக் கட்டினது நான்தான் சார். பயத்துல அவங்க மேல சொல்லிட்டேன்.”

கத்தரிக்கோல் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும் சார். இவங்க பார்வையே சரியில்ல. வந்த நாள்லேர்ந்து என்னைத் திருடியைப் பாக்கற மாதிரிதான் பாத்தாங்க.”

அவள் முகத்தில் வெற்றி. அந்த வெற்றியை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் தேதி இதே அறையில் இதே நாற்காலியில் நான் அணிந்திருந்தது.

டாக்டரம்மா மட்டும், “எப்ப மாத்தினீங்க?” என்றார்.

“காலையில, உள்ள வந்ததும்.”

“சிஸ்டர் அவிழ்த்தப்போ பஞ்சு ஆறி ரொம்ப நேரம் ஆகியிருந்துச்சே.” என் கண்ணையே பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இனி எனக்கு உள்ளே அனுமதி இல்லை.

செப்டம்பர் 17

ஒன்றை யோசிக்கவே இல்லை. முட்டாள். முட்டாள். துணியை மாற்றியது தப்பு என்று சொல்லாமல் அந்தத் தப்பை நான் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? அது அக்காவின் காதுக்குப் போகாமல் இருக்குமா?

கண்காணிப்பாளர் அத்தானை அழைத்துச் சொல்லியிருக்கிறார். அத்தான் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எந்தக் காலுக்குச் சூடு, ஏன், மறு காலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும், பசி, சோறு, எல்லாம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் ஒரு செய்தியை ஒன்றுவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்!

கடைசியில், “உன் தங்கச்சிதான் மாத்திட்டாளாம்” என்று.

“அக்கா என்ன சொன்னா?”

“சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டா.”

செப்டம்பர் 18

அறைக்குப் போனேன். அக்கா தூங்குகிறாள் என்றார் அண்ணி. தூங்கும்போது அக்காவின் வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மூடியிருந்தது.

வராந்தா முழுக்கக் கேட்கும்படி அண்ணி: “படிச்ச புள்ள, படிச்ச புள்ளன்னாங்க. படிச்சு என்னத்தைக் கிழிச்சா? ஒரு பச்சை மண்ணோட காலைத்தான்.”

உள்ளே தூங்காமல் கிடந்தவளுக்கும் இது கேட்டிருக்கும்.

செப்டம்பர் 24

பால் குறையவில்லையாம். அத்தான் சொன்னார். நல்லது.

வெளிக் கண்ணாடி வழியே மூன்றாவது பெட்டியின் ஒரு மூலை தெரிகிறது. கத்தரிக்கோல் திரும்ப அங்கேதான். என்னைப் பார்த்தாள். திரையை இழுத்தாள். எதை மறைக்கிறாள் என்று மனம் தன் பாட்டுக்கு ஆரம்பித்தது. திரைக்குக் கீழே ஒரு தாயின் கால்கள் தெரிந்தன. குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ள உட்காருகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அக்டோபர் 9

மிளகு வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 20

அக்கா என்ன நினைக்கிறாள்? விதவிதமாக எழுதிப் பார்க்கிறேன். அவள் கட்டியதை நர்ஸ் திருத்திய பிறகு நான் மறுபடி மாற்றியிருப்பேன் என்று நம்பி என்னை வெறுக்கிறாளா? இல்லை, எல்லாம் தெரிந்தே பழி என் தலையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாளா? நான்தானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன், திருப்பித் தர அவள் என்ன முட்டாளா?

சொந்த அக்காவைச் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்தாயிற்று. முதலாளி சொன்னது சரி. குற்றவாளி கிடைத்த பிறகும் தேடுகிறவள் நான்.

நவம்பர் 3

மூன்று விரல்களும் உதிர்ந்துவிட்டனவாம். துணி மாற்றும்போது மெத்தையில் கிடந்ததாம் கடைசியானது. அத்தான் போனில் சொன்னார். “வலிக்கலம்மா அவளுக்கு. சிரிச்சிட்டுதான் இருந்தா.”

நவம்பர் 28

பாலங்கள் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. பிரித்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 11

காலையில் அக்காவே பேசினாள். “வா.” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போது என்னென்னவோ தயார் செய்தேன். கதவைத் திறந்தது அண்ணி. “வந்துட்டாளா?” என்று வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார், நான் எதிரே நிற்கும்போதே.

அக்கா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மிளகைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். தலையில் எண்ணெய்கூட வைக்கவில்லை. மிளகு — இனி அந்தப் பெயர் பொருந்தாது, கன்னமெல்லாம் தொங்குகிறது — துண்டுக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். யாரிவள் என்று. சந்தேகம் என் ஜாடைதான்.

“குளிர்ல கால் ரெண்டும் ஐஸா இருக்கு” என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். “உக்காரு.”

உட்கார்ந்தேன்.

அண்ணி வாசற்படியிலிருந்து, “அவ கையில குடுக்காதேம்மா. பட்டது போதாதா?” என்றார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “அண்ணி, அன்னிக்குத் துணியை மாத்திச் சுத்தினது இவ இல்ல.” அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வது போன்ற குரல். “பின்னே யார்?” என்று கேட்க அண்ணி வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தேவையில்லாமல் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இத்தனை நாள் எழுதி வைத்த கேள்விகளில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

அக்கா இடது பாதத்தை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ஐந்து விரல்களும் அவள் கைக்குள் மறைந்தன. குனிந்து அதில் மெல்ல ஊதினாள். பிறகு வலது பாதத்தை, பெருவிரலும் அடுத்ததும் மட்டும் உள்ள அந்தப் பாதத்தை, துண்டிலிருந்து விலக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

“இதை நீ பிடி புழு. தேய்க்காதே. சும்மா பிடி.”

பிடித்துக்கொண்டேன். சில்லென்றுதான் இருந்தது.